சுண்ணாம்பு பிடித்து வைத்த மணிச்சத்து

ஆலத்தூர் வட்டாரத்தில் காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடைப்பட்ட காடுகளில் கோடை உழவு ஓட்டினால் கொழுமுனையில் சிப்பி அகப்படும். உருண்டு நீண்டு, நுனி கூர்ந்த கற்களும் கிடைக்கும். பிள்ளைகள் பொறுக்கி வைத்து விளையாடுவார்கள். எல்லாமே ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இருந்த கடலில் வாழ்ந்த உயிர்களின் மிச்சம். பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. இந்த உயிர்களின் எச்சங்களுக்கென்றே அரியலூர் வாரணவாசியில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூர்ச் சுரங்கங்களில் வெட்டி சிமெண்டாக்குகிறார்கள். வெட்டாத சுண்ணாம்பு எங்கள் வயல்களில் இருக்கிறது. கரிசல் மண்ணைக் கையளவு எடுத்து நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விட்டால் புசுபுசுவென்று நுரை கிளம்பும்.

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தோடு இருந்த காலத்தில் வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராகச் சேர்ந்தவன் நான். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2007-ல் அரியலூர் பிரிந்து தனியாகப் போனது. பலகைகள் மாறினாலும் நான் சுற்றிய ஊர்கள் மாறவில்லை. ஆலத்தூர், வேப்பந்தட்டை, செந்துறை, ஜெயங்கொண்டம் என்று மாறி மாறிப் பணி. இந்த ஊர்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "டி.ஏ.பி. போட்டும் பயிர் கிளம்பலையே, என்ன சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் மேலே சொன்ன நுரையில் இருக்கிறது.

டி.ஏ.பி.யில் 46 சதவீதம் மணிச்சத்து, 18 சதவீதம் தழைச்சத்து. மானியம் போக 50 கிலோ மூட்டைக்கு விவசாயி கொடுப்பது 1,350 ரூபாய். உரம் ஈரம் பட்டதும் கரையும். கரைந்த மணிச்சத்தை அருகில் இருக்கும் கால்சியம் பிடித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் அந்தப் பிடி இளக்கமாக இருக்கும். வாரங்கள் போகப் போக இறுகி, வேரால் எடுக்க முடியாத கால்சியம் பாஸ்பேட்டாக மாறிவிடும். போட்டதில் அந்தப் போகத்துப் பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. மீதி ஆவியாகப் போகவில்லை, தண்ணீரோடு ஓடவும் இல்லை. அதே வயலில், அதே உழவு ஆழத்தில் கிடக்கிறது. அடுத்த ஆண்டு அதன்மேல் இன்னொரு மூட்டை. எங்கள் பக்கத்து மண்வள அட்டைகள் பலவற்றில் மணிச்சத்துக்கு நேராக 'மத்திமம்', சிலவற்றில் 'அதிகம்' என்றே இருக்கும். அட்டையை அலமாரியில் வைத்துவிட்டு உரக்கடைக்குப் போகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரைக் களிமண்ணில் பாஸ்பேட் உருண்டைகள் இருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே நிலவியல் அறிஞர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பாஸ்பேட் பாறைக்கும் டி.ஏ.பி.க்கும் பெருமளவு வெளிநாட்டை நம்பியிருக்கும் நாடு இது. எங்கோ போர் மூண்டால் பெரம்பலூர் உரக்கடையில் வரிசை நீள்கிறது. காலடியில் இருப்பதைக் கரைத்துக் கொடுக்கத் தெரிந்த ஓர் ஆள் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

அந்த ஆள் இருக்கிறது. பாஸ்போபாக்டீரியா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் பாக்கெட் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்த உயிர் உரம்தான். அதில் இருப்பது பெரும்பாலும் பேசில்லஸ் மெகாதீரியம் என்னும் பாக்டீரியா. அது தன்னைச் சுற்றிக் கரிம அமிலங்களைக் கசிய விடும். அமிலம் பட்ட இடத்தில் கால்சியத்தின் பிடி தளரும். மணிச்சத்து கரைந்து வேருக்குக் கிடைக்கும்.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்குப் போயிருந்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். கண்ணாடித் தட்டில் பால் மாதிரி வெளுத்த ஒரு கூழ் உறைந்திருந்தது. வெளுப்புக்குக் காரணம் அதில் கலந்திருந்த கரையாத கால்சியம் பாஸ்பேட். பிக்கோவ்ஸ்காயா என்ற ரஷ்ய விஞ்ஞானி 1948-ல் வகுத்த கூழ் அது. பாக்டீரியாவை அதில் புள்ளி புள்ளியாக வைத்துச் சில நாள் கழித்து எடுத்தார்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளுப்பு போய், வட்டமாகத் தெளிந்திருந்தது. தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்த வட்டங்களின் வழியாக என் விரல் தெரிந்தது. அத்தனை நாளும் பாக்கெட்டை விநியோகம் செய்துகொண்டிருந்த எனக்கு, உள்ளே இருப்பது என்ன வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் முழுதாகப் பிடிபட்டது.

ஆனால் தட்டு வேறு, வயல் வேறு. இதை மறைத்துப் பேசுவதால்தான் உயிர் உரத்தின் மேல் நம்பிக்கை போகிறது. கார அமில நிலை 8-க்கு மேல் இருக்கும் மண்ணில் சுண்ணாம்பு ஏராளம். பாக்டீரியா கசிய விடும் அமிலத்தில் பெரும்பகுதியைச் சுண்ணாம்பே தின்றுவிடும். தட்டில் இரண்டு மூன்று நாளில் நடப்பது வயலில் மெல்ல மெல்ல, வேரை ஒட்டிய மெல்லிய மண் அடுக்கில் மட்டும் நடக்கும். அந்த இடத்தில் பாக்டீரியா உயிரோடு பெருகி நிலைக்க வேண்டுமென்றால் அதற்குத் தீனி வேண்டும். தீனி என்பது மக்கிய எரு. குப்பை அடிக்காத நிலத்தில் பாஸ்போபாக்டீரியா போடுவது வீண் வேலை. வேளாண்மைத் துறையில் காலம் முழுக்க இருந்தவன் என்ற உரிமையோடு இதைச் சொல்கிறேன்.

இங்கேதான் எங்கள் மாவட்டங்களின் உண்மையான வியாதி இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு உழவு மாடு, ஒரு கறவை, வாசலை ஒட்டி எருக்குழி என்று இருந்த ஊர்கள் இவை. சித்திரையில் வண்டி வண்டியாகக் குப்பை காட்டுக்குப் போகும். டிராக்டர் வந்ததும் உழவு மாடு போயிற்று. பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரிக் காடெல்லாம் மக்காச்சோளமும் பருத்தியுமாக மாறியது. மக்காச்சோளம் மண்ணை உறிஞ்சி எடுக்கும் பயிர். கதிரை விற்கிறோம். தட்டையைச் சிலர் மாட்டுக்கு விற்கிறார்கள், சிலர் காட்டிலேயே கொளுத்துகிறார்கள். நிலத்துக்குத் திரும்பிப் போவது ஒன்றுமில்லை. மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். அவற்றில் அங்ககக் கரிமம் என்ற ஒரு வரியை மட்டும் பாருங்கள் என்று சொல்வேன். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 'குறைவு' என்று கணக்கு. எங்கள் மானாவாரிக் காடுகளில் அந்த வரி பெரும்பாலும் குறைவு என்றுதான் வரும்.

நல்ல வேளையாக ஆட்டுக்கிடை இன்னும் முற்றாக நின்றுவிடவில்லை. அறுவடை முடிந்த காட்டில் கிடை போட்டு, இரவுக்கு இவ்வளவு என்று பணமோ தானியமோ கொடுக்கும் வழக்கம் உண்டு. கிடை போட்ட நிலத்தில் உயிர் உரம் எடுப்பதும் கிடை போடாத நிலத்தில் எடுப்பதும் பக்கத்துப் பக்கத்து வயலிலேயே தெரியும். கிடைக்கு வழியில்லாதவர்கள் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருவாயில் மடக்கி உழலாம். 2024-25 வேளாண் பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை கொடுப்பதற்கு முக்கிய இடம் இருக்கிறது. தண்ணீர் வசதி உள்ளவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி தழைச்சத்துக்கு வருகிறேன். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். செடி அதை நேராக எடுக்காது. அதை அம்மோனியாவாக மாற்ற உரத் தொழிற்சாலையில் 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கு காற்றழுத்தமும் தேவைப்படுகின்றன. ரைசோபியம் என்ற பாக்டீரியா அதே வேலையைக் கடலைச் செடியின் வேரில், மண்ணின் சாதாரணச் சூட்டில் செய்கிறது. பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில்தான் இந்த வேலை நடக்கிறது என்று ஜெர்மனியில் ஹெல்ரீகல் 1886-ல் அறிவித்தார். இரண்டு ஆண்டுகளில் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். பிரேசில் நாட்டுச் சோயா மொச்சைக்காரர்கள் இன்றைக்கும் பெரும்பாலும் யூரியாவைத் தொடாமல், விதையில் இந்தப் பாக்டீரியாவைத் தடவித்தான் உலகச் சந்தைக்கு விளைவிக்கிறார்கள்.

செந்துறைப் பக்கம் செம்மண்ணில் கடலை போட்டிருந்த ஓர் அம்மாவின் வயலுக்கு ஒருமுறை போயிருந்தேன். களை எடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு செடியைப் பிடுங்கி வேரை என் முன்னால் நீட்டினார். "பாரு தம்பி, வேரெல்லாம் புழு கட்டி வெச்சிருக்கு. என்ன மருந்து அடிக்கணும்?"

வேரில் கடுகு மணி அளவில் கொத்துக் கொத்தாக முடிச்சுகள். "இது புழு இல்லம்மா, உங்களுக்கு உரம் செஞ்சு குடுக்குற முடிச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. நகத்தால் ஒரு முடிச்சைச் சுரண்டினேன். சட்டென்று உதிர்ந்து வந்தது. நூற்புழு கட்டியிருந்தால் வேரே வீங்கியிருக்கும், இப்படிப் பிரிந்து வராது. உதிர்ந்ததை நகத்தால் இரண்டாகப் பிளந்து காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு. நம் இரத்தத்துக்குச் சிவப்பு கொடுக்கும் பொருளின் வகையைச் சேர்ந்த ஒன்று அந்த முடிச்சுக்குள்ளும் இருக்கிறது. சிவப்பு இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. அவர் பக்கத்து வரப்புக்குப் போய் இன்னொரு செடியைப் பிடுங்கித் தானே நகத்தால் பிளந்து பார்த்தார். "இதுவும் செவப்பாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கூடக் களை எடுத்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். விதைத்து முப்பது நாற்பது நாளில் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. ஆய்வுக்கூடம் வேண்டாம்.

கடலைக்குச் செய்முறை எளிது. விதைப் பருப்பை முதலில் பூஞ்சண மருந்தில் நேர்த்தி செய்திருந்தால் ஒரு நாள் இடைவெளி விட வேண்டும். பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தையும் பாஸ்போபாக்டீரியாவையும் குழைத்து விதையின்மேல் தெளித்து, தோல் உரியாமல் மெதுவாகப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைக்க வேண்டும். பல்கலைக்கழகப் பரிந்துரை ஒவ்வொன்றிலும் எக்டருக்கு 600 கிராம், அதாவது 200 கிராம் பாக்கெட்டில் மூன்று. ஏக்கர் கணக்கில் ஒரு பாக்கெட்டுக்குச் சற்று மேலே வரும். ரைசோபியத்தில் கடலைக்கு ஒரு பாக்கெட், பயறுக்கு வேறு பாக்கெட். உளுந்துப் பாக்கெட்டைக் கடலைக்குப் போடக் கூடாது. எந்தப் பயிருக்கு என்று உறையிலேயே அச்சடித்திருக்கும்.

நெல், மக்காச்சோளம், வெங்காயம், பருத்தி ஆகியவற்றின் வேரில் ரைசோபிய முடிச்சு கட்டாது. அவற்றுக்கு அசோஸ்பைரில்லம். வேரின் மேல்தோலிலும் அதை ஒட்டிய மண்ணிலும் வாழும் பாக்டீரியா இது. 1970-களில் பிரேசிலில் ஜோஹானா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி புல் வகைப் பயிர்களின் வேரில் இதன் வேலையை எடுத்துக் காட்டிய பிறகுதான் உலகம் கவனித்தது. தழைச்சத்தைக் கொஞ்சம் நிலைநிறுத்துவதோடு, வேரைத் தூண்டும் பொருள்களையும் இது சுரக்கும். வேர்த்தூவிகள் அதிகமாகும்; மழை இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் செடி தாக்குப்பிடிக்கும். மானாவாரிக்காரருக்குத் தழைச்சத்தைவிட இந்த வேர்தான் பெரிய லாபம் என்பது என் கருத்து.

யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அவ்வளவு மலிவாகக் கிடைப்பதால் கை தாராளமாகிறது. மண்ணில் அம்மோனியா மிதமிஞ்சிக் கிடந்தால் தழைச்சத்தை நிலைநிறுத்தும் பாக்டீரியா அந்த வேலையை நிறுத்திவிடும். தேவையில்லாத வேலையை அது செய்யாது. ஆகையால் உயிர் உரம் போட்டுவிட்டு யூரியாவையும் பழைய அளவிலேயே கொட்டுகிறவர், போட்ட உயிர் உரத்தைத் தானே முடக்குகிறார். தழைச்சத்திலும் மணிச்சத்திலும் கால் பங்கு குறைக்கலாம் என்பதுதான் பொதுவான பரிந்துரை. முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை. "நாலு பாக்கெட்டு தூளு நாலு மூட்டை செய்யற வேலைய செஞ்சிருமா சார்?" என்று வேப்பந்தட்டையில் ஒருவர் கூட்டத்திலேயே கேட்டார். செய்யாது என்றுதான் சொன்னேன். அப்படிச் செய்யும் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள் என்றும் சொன்னேன்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். உயிர் உரம் பலிக்கவில்லை என்று சொல்லும் பத்துப் பேரில் பலரிடம் போய்ச் சேர்ந்தது உயிரில்லாத உரம். 2006-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் உயிர் உரங்களையும் சேர்த்தார்கள். அதன்படி தூள் வகையில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். திரவ வகையில் ஒரு மில்லிக்கு 10 கோடி. தூளுக்கு ஆயுள் ஏறத்தாழ ஆறு மாதம், திரவத்துக்கு ஓர் ஆண்டு. தொழிற்சாலையை விட்டு வரும்போது அந்த எண்ணிக்கை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் லாரியில் ஏறி, தகரக் கொட்டகையில் இறங்கி, பூச்சிமருந்து டப்பாவோடு ஒரே அலமாரியில் இரண்டு மாதம் இருந்தால் என்ன மிஞ்சும்? எங்கள் பக்கம் கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும். தகரத்துக்குக் கீழே அதைவிடக் கூடுதல். கொதிக்கிற பாலில் உறை ஊற்றிவிட்டுத் தயிர் உறையவில்லை என்று மோரைக் குறை சொல்வோமா?

ஓர் ஊரில், ஊரையும் கடையையும் சொல்ல மாட்டேன், காலாவதித் தேதியின் மேல் விலைச் சீட்டை ஒட்டி விற்றார்கள். சீட்டை உரித்தால் தேதி முடிந்து நான்கு மாதம். வாங்கிய விவசாயி வெங்காயத்துக்குப் போட்டு, ஒரு வித்தியாசமும் காணாமல், அதற்குப் பிறகு எந்த உயிர் உரத்தையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நல்ல பாக்கெட் கொண்டுபோய் அவர் மனத்தை மாற்ற எனக்கு முழுதாக ஒரு பருவம் பிடித்தது.

மக்காச்சோளம், பருத்தி விதைகளில் இன்னொரு சிக்கல். இங்கே விதைப்பது எல்லாம் கம்பெனி வீரிய ஒட்டு விதை. சிவப்பிலோ பச்சையிலோ மருந்துப் பூச்சு பூசியே பையில் வருகிறது. அதன்மேல் பாக்டீரியாவைத் தடவினால் பூச்சு மருந்தில் பாதி அங்கேயே செத்துப்போகும். விதை நேர்த்தி என்று பயிற்சிக் கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ஆகையால் இந்தப் பயிர்களுக்கு மண்ணில் இடுவதுதான் வழி. ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம் நான்கு பாக்கெட், பாஸ்போபாக்டீரியா நான்கு பாக்கெட். பத்து கிலோ மக்கிய எரு, பத்து கிலோ மண்ணோடு பிசிறி, முடிந்தால் சில நாள் நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடி வைத்து, மண்ணில் பதம் இருக்கும்போது சாயங்காலமாகத் தூவி மூடிவிட வேண்டும். உச்சி வெயிலில் புழுதியில் தூவக் கூடாது. யூரியாவோடும் டி.ஏ.பி.யோடும் சாம்பலோடும் ஒரே கூடையில் கலக்கவே கூடாது.

சின்ன வெங்காயத்தைப் பற்றிச் சொல்லாமல் பெரம்பலூரைப் பற்றி எழுத முடியாது. செட்டிகுளம், நாட்டார்மங்கலம், பாடாலூர்ப் பக்கம் குடும்பத்தின் வருஷ வருமானமே வெங்காயப் பட்டறையில் இருக்கிறது. அங்கே கோழிக்கால் நோய் என்று ஒன்று வரும். தாள் முறுக்கிக்கொண்டு, கழுத்து நீண்டு, அடித்தண்டு அழுகிப் போகும். சில நாளில் காடே சாய்ந்து கிடக்கும். இதற்கு அசோஸ்பைரில்லம் மருந்து இல்லை. இந்த இடத்தில் பெரிய குழப்பம் இருக்கிறது. டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் இரண்டும் நோய்க் கிருமியோடு மல்லுக்கு நிற்பவை. அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் சத்து கொடுப்பவை. கடையில் எல்லாம் ஒரே மாதிரிப் பாக்கெட்டில், ஒரே அலமாரியில் இருப்பதால் 'உயிர் மருந்து குடுங்க' என்று கேட்டு எதையோ வாங்கி வருகிறார்கள். வெங்காயத்துக்கு இரண்டு வகையும் தேவை. விதைக் காயை நடும் முன் டிரைக்கோடெர்மாவில் நேர்த்தி. அடியுரமாக எருவோடு அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் ஏக்கருக்கு நான்கு நான்கு பாக்கெட்.

செட்டிகுளத்துப் பக்கம் ஒரு பெரியவர் இதைத் தன் வழியில் சோதித்தார். ஒரே காடு, ஒரே விதைக் காய், ஒரே நாள் நடவு. நடுவில் ஒரு வாய்க்கால். மேற்குப் பக்கம் எருவும் பாக்கெட்டும், டி.ஏ.பி. முக்கால் பங்கு. கிழக்குப் பக்கம் வழக்கம்போல். பிடுங்கும்போது மேற்குப் பக்கத்து வேர் தாடி மாதிரி அடர்ந்திருந்ததைக் காட்டினார். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை; மேற்கில் சற்றுக் கூடுதல். "எடை கெடக்குது சார். உரத்துல காப்பங்கு மிச்சம், பட்டறையில அழுகலும் கம்மி. அது போதும்" என்றார். இந்த அளவான பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. உயிர் உரம் தரும் லாபம் இந்த அளவில்தான் இருக்கும். இரண்டு மடங்கு மகசூல் என்று எழுதியிருக்கும் விளம்பரங்களைக் கிழித்துப் போடலாம்.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரை ஊர்களான திருமானூரிலும் தா.பழூரிலும் நெல்லுக்கு நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கரைசலில் கால் மணி நேரம் நனைத்து நடும் பழக்கம் ஓரளவு நிலைத்துவிட்டது. நாற்றுக் கட்டு எப்படியும் வரப்போரம் கிடக்கப்போகிறது. கூடுதல் ஆள் செலவு இல்லை என்பதால் நிலைத்தது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் முந்திரிக் காடுகளுக்கு வேர் உட்பூசணம் நல்லது. வேருக்குள் புகுந்து வாழும் இந்தப் பூஞ்சை, வேர் எட்டாத தூரத்துக்கும் மெல்லிய இழைகளை அனுப்பி மணிச்சத்தையும் ஈரத்தையும் இழுத்து வரும். பெரிய மரத்துக்குப் போடுவதைவிட ஒட்டுக்கன்று பையில் இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். கன்று வளர்க்கும் பண்ணைகளில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் பற்றிக் கேட்பார்கள். இயற்கை வேளாண்மைக்காக நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசியதன் பலனாக எங்கள் பக்கத்திலும் பலர் அவற்றைச் செய்கிறார்கள். அவற்றுக்கும் பாக்கெட் உயிர் உரத்துக்கும் சண்டை இல்லை. ஒன்று மண்ணில் ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுகிறது. இன்னொன்று தேர்ந்தெடுத்த ஒரு நுண்ணுயிரைக் கொண்டுபோய் விடுகிறது. இரண்டும் சேர்ந்து போட்டவர்களின் மண் பொலபொலவென்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். துறைக்காரர்கள் இயற்கை விவசாயிகளைக் கேலி பேசுவதும் அவர்கள் துறைக்காரர்களை விரோதியாகப் பார்ப்பதும் யாருக்கும் உதவாது.

ஆவணியில் புழுதி உழவு முடிந்து, புரட்டாசி மழையைப் பார்த்து விதைக்கப்போகிற பெரம்பலூர், அரியலூர் விவசாயிகளுக்கு நான் கேட்டுக்கொள்வது இதுதான். விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே எருவுக்கோ ஆட்டுக்கிடைக்கோ ஏற்பாடு செய்யுங்கள். பாக்கெட் வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பித் தயாரித்த தேதி, முடியும் தேதி, பயிரின் பெயர் மூன்றையும் படியுங்கள். வெயில் படும் இடத்தில் வைத்திருந்தால் வாங்காதீர்கள். முதல் ஆண்டு பாதிக் காட்டில் மட்டும் போடுங்கள். அந்தப் பாதியில் டி.ஏ.பி.யைக் கால் பங்கு குறையுங்கள். நாற்பதாம் நாள் இரண்டு பக்கமும் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வாலிகண்டபுரத்தில் ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் மையமும் சோழமாதேவியில் கிரீடு வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன. பிடுங்கிய செடியை வேரோடு எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.